பாதிக் கதைக்கு வயதில்லை

கலைஞர் கருணாநிதி நகர் என்று முழுப்பெயர் சொல்லி இன்று யாரும் ஆட்டோ பிடிப்பதில்லை, கே.கே. நகர் என்றால் போதும். வீட்டுவசதி வாரியம் மனை பிரித்து எழுந்த இந்தப் பகுதியில் நீதிக்கட்சித் தலைவர் பி.டி. ராஜன் ஒரு நீண்ட சாலையாகக் கிடக்கிறார். 1936இல் சில மாதங்கள் சென்னை மாகாண ஆட்சிக்குத் தலைமை தாங்கியவர் அவர் என்பது அந்தச் சாலை வழியே டியூஷனுக்குப் போகும் பிள்ளைகளுக்குத் தெரியாது. நகரங்கள் தம் வரலாற்றைப் பெயர்ப்பலகையில் ஏற்றிவிட்டு நிம்மதியாக மறந்துபோகும் இயல்புடையவை. பலகையில் ஏறாத வரலாறும் இந்தத் தெருக்களுக்கு உண்டு. 1983 ஜூலைக்குப் பிறகு அலை அலையாக வந்த ஈழத் தமிழர்களில் முகாமுக்குப் போகாமல் வாடகை கொடுக்க வழியிருந்தவர்கள் கே.கே. நகரிலும் விருகம்பாக்கத்திலும் வளசரவாக்கத்திலும் வீடு பார்த்தார்கள். அவர்கள் பிள்ளைகள் இங்குள்ள பள்ளிகளில் சேர்ந்தார்கள். ஆறு மாதத்தில் சென்னைப் பேச்சு பேசக் கற்றுக்கொண்டு, வீட்டுக்குள் நுழைந்ததும் பழைய பேச்சுக்குத் திரும்பினார்கள். அந்த வீடுகளில் பேரப்பிள்ளை ஏதாவது கேட்டால் அம்மம்மாக்கள் சொல்லும் பதில் ஒன்று உண்டு: “அது பெரிய கதை, பிறகு சொல்லுறன்.” அந்தப் பிறகு எப்போது வரும் என்பதைத்தான் இன்று உலகெங்கும் கல்வித் துறைகள் சுற்றறிக்கைகளில் எழுதிக்கொண்டிருக்கின்றன. ஒரு இனம் அழிக்கப்பட்ட கதையைக் கேட்க ஒரு பிள்ளை எந்த வகுப்பில் தயாராகிறது? ஆறாவதிலா, ஒன்பதாவதிலா, பள்ளி முடிந்த பிறகா?

இந்தக் கேள்வி தமிழரைத் தேடி வந்த இடம், சென்னையிலிருந்து பாதி உலகம் தள்ளியிருக்கும் கனடாவின் ஒன்டாரியோ மாகாணம். ஸ்கார்பரோ-ரூஜ் பார்க் தொகுதியின் உறுப்பினர் விஜய் தணிகாசலம் கொண்டுவந்த 104ஆம் மசோதா 2021 மே மாதம் அங்கே சட்டமானது. மே 18இல் முடியும் ஏழு நாட்கள் தமிழ் இனப்படுகொலைக் கல்வி வாரம் என்று அது அறிவித்தது. எதிர்த்து வழக்குப் போட்டார்கள். ஒரு மாகாணச் சட்டமன்றத்துக்கு இன்னொரு நாட்டில் நடந்ததை இனப்படுகொலை என்று சொல்ல அதிகாரம் உண்டா என்பது வாதம். 2022இல் மாகாண உயர்நீதிமன்றமும் 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் சட்டம் செல்லும் என்றன. 2025இல் கனடாவின் உச்சநீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டது. இத்தனை நீதிபதிகள் படித்த அந்தச் சட்டத்தில் ஒரு வகுப்பின் எண்கூட இல்லை. மாகாணத்து மக்கள் எல்லோரும் அந்த வாரத்தில் அறிந்துகொள்ள ஊக்குவிக்கப்படுகிறார்கள் என்பதோடு அது நின்றுகொள்கிறது. அதே மாகாணம் யூதர் அழிப்பை ஆறாம் வகுப்பில் கட்டாயப் பாடமாக்கப்போவதாக 2022இல் அறிவித்தது. 2023 செப்டம்பரிலிருந்து பதினொரு வயதுப் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள். ஒரு துயரத்துக்கு வகுப்பு உண்டு, இன்னொன்றுக்கு வாரம் உண்டு. குறை சொல்ல இதை எடுக்கவில்லை. எண்பதாண்டு பழகிய துயரம் பாடத்திட்டத்துக்குள் வந்து உட்காரக் கற்றுக்கொண்டிருக்கிறது, நம்முடையது இப்போதுதான் வாசலுக்கு வந்திருக்கிறது என்பதைப் பார்க்கத்தான்.

அந்த எண்பதாண்டும் நேர்க்கோடாகப் போகவில்லை. போர் முடிந்த மேற்கு ஜெர்மனியில் தகப்பன்கள் பேசவில்லை, வாத்தியார்களும் பேசவில்லை. அவர்களில் பலர் நாஜிச் சீருடையில் இருந்தவர்கள். 1963இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஆஷ்விட்ஸ் காவலர்கள் மீது வழக்கு தொடங்கியபோது கொஞ்சம் அசைந்தது. 1979 ஜனவரியில் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் வீட்டுக்கூடத்துக்குள் வந்தபோதுதான் பிள்ளைகள் பெற்றோரை நேராகக் கேட்டார்கள். ருவாண்டாவில் 1994க்குப் பிறகு பல ஆண்டுகள் நாட்டு வரலாறு பள்ளியில் நடத்தப்படாமல் நிறுத்திவைக்கப்பட்டது. கொன்றவனின் பிள்ளையும் கொல்லப்பட்டவனின் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும்போது எந்தப் புத்தகத்தைத் திறப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. கம்போடியாவின் கதை இன்னும் விசித்திரம். போல் பாட்டை விரட்டிவிட்டு வந்த ஆட்சி 1980களில் பாலர் வகுப்பிலிருந்தே அந்தக் கொடூரத்தை ஊட்டியது. மே 20ஐக் கோபத்தின் நாள் என்று வைத்து ஆண்டுதோறும் நடத்தியது. 1991இல் சமாதான உடன்படிக்கை வந்ததும் பழைய கெமர் ரூஜ் ஆட்களோடு சேர்ந்து வாழவேண்டியிருந்தது. பாடநூலில் அந்த நான்காண்டுகள் சுருங்கிச் சுருங்கிக் காணாமலே போயின. 2007இல் காம்போலி டை என்ற இளம் ஆய்வாளர் எழுதிய புத்தகத்தால்தான் அந்த வரலாறு மறுபடி வகுப்பறைக்குள் வந்தது. முதலில் திணிப்பு, பிறகு மௌனம், பிறகு பாடம். இந்த மூன்று நிலையிலும் பிள்ளைகளின் வயது ஒன்றேதான். ஆட்சிக்கு அந்தக் கதையால் என்ன தேவையிருந்தது என்பதைப் பொறுத்தே வகுப்பு மாறியது.

நாம் என்ன செய்துவந்தோம் என்று திரும்பிப் பார்த்தால், தமிழ்ச் சமூகம் படுகொலைக் கதைகளுக்கு வயது வரம்பு வைத்ததாகவே தெரியவில்லை. மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில் பூம்பாவை உயிர்பெறும் நிகழ்ச்சி நடக்கும். பாம்பு தீண்டி இறந்து, சாம்பலாகிக் குடத்தில் இருந்த பெண்ணை ஞானசம்பந்தர் பாடி எழுப்பிய கதை. பிற்பகல் அறுபத்துமூவர் புறப்பாடு. தகப்பன்களின் தோளில் உட்கார்ந்த பிள்ளைகள் ஒவ்வொரு விமானமாகப் பார்த்துக்கொண்டு, யார் யார் என்று கேட்டுக்கொண்டு, நீர்மோர் குடித்துக்கொண்டு வருவார்கள். அதே ஞானசம்பந்தர் மதுரைக்குப் போன கதை மதுரையில் இருக்கிறது. அனல்வாதம், புனல்வாதம், தோற்ற சமணர் எண்ணாயிரம் பேர் கழுவேறியது. மீனாட்சி கோயிலின் பொற்றாமரைக் குளத்து மண்டபச் சுவரில் அது ஓவியமாகவே உண்டு. கால் கழுவிக்கொண்டு வந்த எந்தப் பிள்ளையும் நிமிர்ந்து பார்க்கலாம். இது நடந்த வரலாறல்ல, பிற்காலத்தில் எழுந்த கதை என்று நீலகண்ட சாஸ்திரி போன்றோர் ஒதுக்கினார்கள், இருக்கட்டும். நடந்ததோ இல்லையோ, பெருமையாகச் சொல்லப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஒரே அடியாரின் சரித்திரத்தில் மயிலைக்கு உயிர்கொடுத்த பாதி வந்து சேர்ந்தது, மதுரைக்குக் கழுமரப் பாதி. கேட்ட பிள்ளைகளில் யாரும் அஞ்சி நடுங்கியதாகச் செய்தியில்லை, ஏனென்றால் செத்தவர்கள் எதிர்க்கட்சி. நம்மவர் வென்ற கதையில் ரத்தம் உறுத்துவதில்லை. பாயசத்தோடு சேர்ந்து இறங்கிவிடும்.

விதிவிலக்காக நமக்கு ஒரு பழைய சாட்சி இருக்கிறது. சோழன் கிள்ளிவளவன் தன் பகைவனான மலையமானின் பிள்ளைகளை யானைக் காலில் இடக் கொண்டுவந்து நிறுத்துகிறான். கோவூர்கிழார் குறுக்கே புகுந்து பாடி அவர்களை மீட்கிறார். புறநானூற்றின் 46ஆம் பாட்டு அது. (போரூரைத் தாண்டினால் ஒரு கோவூர் வருகிறது, புலவரின் ஊர் அதுதானா என்ற சண்டை இங்கே வேண்டாம்.) அந்தச் சிறுவர்களுக்கு நடப்பது எதுவும் புரியவில்லை என்பதைப் புலவர் கண்டுகொள்கிறார். அழுதுகொண்டிருந்தவர்கள் யானையைப் பார்த்து அழுகையை மறந்துவிட்டார்கள்; கூடியிருந்த புது முகங்களைக் கண்டு மிரண்டார்கள், அவ்வளவுதான். புலவர் அவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை, சொல்வதை அரசனிடம் சொல்கிறார். நீ யார் குலம், இவர்கள் யார் குலம் என்று இரண்டு பக்கத்தையும் எடுத்துவைக்கிறார். ஒரு குலத்தின் குருத்தை அறுக்கும் முயற்சி தமிழில் இத்தனை சிறு அளவில், இத்தனை அருகிலிருந்து பதிவானது வேறெங்கும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அதைச் செய்யவிருந்தவன் தமிழ் மன்னன் என்பதும் பதிவில் மறைக்கப்படவில்லை. பாடலைத் தொகுத்தவர்கள் அடியில் எழுதிவைத்த குறிப்பிலேயே அரசன் பெயரும் இருக்கிறது, செய்யப்போன காரியமும் இருக்கிறது.

இரண்டாயிரம் ஆண்டு தாவி 1983க்கு வந்தால், தமிழ்நாட்டுப் பிள்ளைகள் அந்த ஜூலையைச் சுவரில்தான் படித்தார்கள். ஜூலை 23 இரவு யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் 13 சிப்பாய்கள் கண்ணிவெடித் தாக்குதலில் இறந்தார்கள்; மறுநாள் இரவே கொழும்பு பற்றிக்கொண்டது. வெலிக்கடைச் சிறையில் 25ஆம் தேதியும் 27ஆம் தேதியும் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்டில் தமிழ்நாடு கடையடைத்தது. அதன்பிறகு சில ஆண்டுகளுக்குக் கல்லூரி வாசல், பேருந்து நிலையம், பொருட்காட்சித் திடல் என்று எங்கும் புகைப்படக் கண்காட்சிகள். கறுப்பு வெள்ளையில் எரிந்த உடல்கள், வரிசையாகக் கிடத்திய பிணங்கள், நடுவில் உண்டியல். பள்ளிச் சீருடையோடு வரிசையில் நின்று பார்த்த தலைமுறைக்கு இப்போது ஐம்பது வயது தாண்டிவிட்டது. எந்தக் குழந்தை உளவியலாளரும் அந்தப் பலகைகளுக்கு அனுமதி தரவில்லை, எவரும் கேட்கவுமில்லை. அந்தத் தலைமுறை நிறைய உணர்ந்தது. நிறையத் தெரிந்துகொண்டதா என்பது வேறு. அதற்கு முன்பே 1982இல் பாண்டி பஜாரிலும், பிறகு 1986இல் சூளைமேட்டிலும் ஈழ இயக்கத்தவரின் துப்பாக்கிகள் வெடித்தன; நாயகர்கள் ஏன் நம் தெருவில் தங்களுக்குள்ளும் நம்மையும் சுடுகிறார்கள் என்று விளக்க அந்தக் கண்காட்சியில் ஒரு பலகையும் இல்லை.

2009இல் அந்தக் கொந்தளிப்பு திரும்பியது. ஜனவரி 29 அன்று ஈழப் போரை நிறுத்தக் கோரி சாஸ்திரி பவன் வாசலில் முத்துக்குமார் தீக்குளித்தார். ஏப்ரல் 27 காலை, கே.கே. நகருக்குப் பெயர் கொடுத்த கருணாநிதி அண்ணா நினைவிடத்தில் உண்ணாவிரதம் தொடங்கி, கனரக ஆயுதங்கள் நிறுத்தப்படும் என்ற கொழும்பின் அறிவிப்பை ஏற்று நண்பகலுக்குள் முடித்துக்கொண்டார். மூன்று வாரத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிந்தது. 2013 பிப்ரவரியில் புலிகளின் தலைவர் பிரபாகரனின் மகன் பாலச்சந்திரனின் படங்கள் வெளிவந்தன: மணல்மூட்டைக்கு நடுவே உட்கார்ந்து எதையோ தின்னும் பன்னிரண்டு வயதுப் பையன், அடுத்த படத்தில் மார்பில் குண்டுத் துளைகள். மார்ச்சில் லயோலா மாணவர்கள் உண்ணாவிரதம் உட்கார, கிளர்ச்சி மாநிலமெங்கும் பரவி, 1965 இந்தி எதிர்ப்பின்போது மூடியதைப்போலவே அரசு கல்லூரிகளை மூடியது. மார்ச் 27 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது. பொதுவாக்கெடுப்பு வரை பேசிய அந்தத் தீர்மானத்தில் பாடநூலைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. கல்லூரியை மூடுவதும் தீர்மானம் போடுவதும் பெரியவர்களுக்குப் பழகிய வேலை. அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனின் படத்தைக் கைப்பேசியில் பார்த்துவிட்டு வகுப்புக்கு வந்த இன்னொரு பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு என்ன சொல்வது என்பது மட்டும் யாருடைய வேலையாகவும் இருக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் தஞ்சைக்கருகே விளாரில் முள்ளிவாய்க்கால் முற்றம் திறக்கப்பட்டது. கோயிலுக்குச் செதுக்குவது போலவே கல்லில் ஓடுகிறவர்களும் விழுகிறவர்களும். மதுரைச் சுவரில் செய்ததைப்போல இங்கும் பார்வையாளருக்கு வயது கேட்பவர் இல்லை.

பள்ளிக்கூடம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். கே.கே. நகரில் மத்தியப் பாடத்திட்டத்தில் படிக்கும் பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் நாஜிகளைப் பற்றி முழு அத்தியாயம் படித்துவந்தது. சட்டம், முத்திரை, சேரி, வதைமுகாம், விஷவாயு எல்லாம் பதினான்கு வயதில். மாநிலப் பாடத்திட்டத்துப் பிள்ளைக்குப் பத்தாம் வகுப்பில் இரண்டாம் உலகப்போரோடு அது வருகிறது. மத்தியப் பாடத்திட்டத்தின் நூல்களை வெளியிடும் நிறுவனம், பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் புத்தகத்திலிருந்து 2002 குஜராத் பக்கங்களை 2022இல் எடுத்தது. பாடச் சுமை குறைப்பு என்றார்கள். 2024 ஜூனில் அதன் இயக்குநர், கலவரங்களைப் பள்ளியில் ஏன் சொல்லித்தரவேண்டும், வன்முறையும் மனச்சோர்வும் கொண்ட குடிமக்களையா உருவாக்குவது என்ற பொருளில் பேட்டியளித்தார். அவர் கவலையை நான் கேலி செய்யவில்லை. எந்த ஆசிரியருக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனால் கணக்குப் பார்த்தால் பதினான்கு வயதில் போலந்து தாங்குகிறது, பதினேழில் அகமதாபாத் தாங்கவில்லை. வயது கூடக் கூடப் பிள்ளையின் நெஞ்சுரம் குறைவதாக எந்த வைத்தியமும் சொல்லவில்லை. கிலோமீட்டர்தான் குறைந்திருக்கிறது.

இவ்வளவையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தெளிவாவது ஒன்றுதான். படுகொலைக் கதையில் இரண்டு பாதி உண்டு. யார் செத்தார்கள் என்ற பாதிக்கு எந்தக் காலத்திலும் வயதில்லை. அது தாய்ப்பாலோடு வரும், சுவரில் வரும், கைப்பேசியில் வரும், பள்ளி தடுத்தாலும் வரும். யார் கொன்றார்கள், எப்படி ஆயத்தம் செய்தார்கள், அதில் நம்மவர் பங்கு எங்கே என்ற மறுபாதி தானாக எந்த வீட்டுக்கும் வருவதில்லை. அதை ஒரு பள்ளிதான் தரமுடியும். ஆகவே எந்த வயதில் தொடங்குவது என்று பள்ளி காத்திருக்கும்போது பிள்ளை வெறுமனே காத்திருப்பதில்லை. முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு வளர்ந்துகொண்டிருக்கிறது.

மறுபாதி என்றால் என்ன என்று மழுப்பாமல் சொல்லிவிடுவது நல்லது. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடியில் பள்ளிவாசல்களில் தொழுகையிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சுட்டவர்கள் விடுதலைப் புலிகள் என்றே உயிர் பிழைத்தவர்கள் சாட்சி சொன்னார்கள். அதே ஆண்டு அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரில் அது அக்டோபர் 30. கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். தமிழ் பேசிக்கொண்டு, தமிழில் கனவு கண்டுகொண்டு தலைமுறைகளாக அங்கே வாழ்ந்தவர்கள் நகைநட்டைச் சோதனைச் சாவடியில் கழற்றிக்கொடுத்துவிட்டுப் புத்தளம் நோக்கிப் போனார்கள். நம் வீட்டுக்கு இன்னும் பக்கத்தில் கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, கூலி கேட்ட குற்றத்துக்காக ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், பிள்ளைகள், கிழவர்கள், எல்லோரும் தலித்துகள். இதைச் சட்டம் இனப்படுகொலை என்று சொல்லாது. முள்ளிவாய்க்காலை என்னவென்று சொல்வது என்பதிலும் ஐ.நா. அறிக்கைகளும் வட மாகாண சபையின் 2015 தீர்மானமும் ஒத்துப்போகவில்லை. பதினாறு வயதுப் பிள்ளைக்கு இந்தத் தகராறே நல்ல பாடம். பொதுமக்கள் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. 2012இல் அதே ஐ.நா.வின் உள் ஆய்வு, 70,000க்கும் மேற்பட்டோர் கணக்கில் வரவில்லை என்ற தகவலைச் சுட்டியது. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் அரசின் மக்கள்தொகைக் கணக்கையே எடுத்துவைத்து 1,46,679 பேருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். ஏன் மூன்று எண்கள், யார் எப்படி எண்ணினார்கள், எண்ண விடாதவர் யார் என்று ஒரு கணக்கு வாத்தியாரே வகுப்பெடுக்கலாம்.

எந்த வயதில் என்று என்னைக் கேட்டால், பிணத்திலிருந்து தொடங்கும் பாடத்துக்கு எந்த வயதும் உகந்ததல்ல என்பேன். 1983இன் கண்காட்சிப் பலகைகள் செய்த பிழை அது. வாஷிங்டனில் உள்ள யூதர் அழிப்பு அருங்காட்சியகம் தன் முக்கியக் காட்சிக்கூடத்துக்குப் பதினொரு வயது ஆகட்டும் என்கிறது. அதற்கும் சின்னவர்களுக்கு ஒரு சிறுவனின் வீட்டை அறை அறையாகக் காட்டும் தனிக்கூடம் ஒன்றை அமைத்தது. சாவுக்கு முந்திய வீடு, வீட்டுக்கு வந்த முதல் காகிதம் என்று போகும் முறை. நமக்கும் அந்த வரிசை கைவசம் இருக்கிறது. இலங்கையின் 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை ஒரே கையெழுத்தில் நாடற்றவர்களாக்கியது; அவர்களில் பலரின் பேரப்பிள்ளைகள் இன்று நீலகிரியில் இருக்கிறார்கள். 1956இல் சிங்களம் மட்டும் சட்டம். 1971இல் பல்கலைக்கழக நுழைவில் தரப்படுத்தல். மருத்துவம் படிக்கத் தமிழ் மாணவருக்கு 400க்கு 250 வேண்டும், சிங்கள மாணவருக்கு 229 போதும் என்றானது. கே.கே. நகரில் நீட் பயிற்சிக்கு ஞாயிற்றுக்கிழமைகூடப் போய்வரும் பிள்ளையிடம் இந்த இரண்டு எண்ணையும் கரும்பலகையில் எழுதிக் காட்டினால் போதும், இருபத்தொரு மதிப்பெண் என்றால் என்ன என்பதை யாரும் விளக்கவேண்டியிருக்காது. அங்கிருந்து 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்துக்கு, அங்கிருந்து 1983இல் தட்டப்பட்ட கதவுகளுக்கு. தட்டியவர்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. ஓட்டுப் போடுவதற்காகக் கொடுத்த பெயரும் கதவிலக்கமும் வேறொரு வேலைக்குப் பயன்பட்ட கதையைப் பதின்மூன்று, பதினான்கு வயதில் கேட்ட பிள்ளை, அதன்பிறகு ஹிட்லர் அத்தியாயத்தை வேறு மாதிரிப் படிக்கும். புகைப்படத்தைப் பத்தாவது வரை, பன்னிரண்டாவது வரைகூட, மேசைக்குள்ளேயே வைத்திருக்கலாம். பார்க்க விரும்பாத பிள்ளைக்கு எந்த வகுப்பிலும் காட்டவேண்டாம்.

வளர்ந்த பிள்ளைகள் புத்தகத்தைத் தாங்களே தேடிக்கொள்வார்கள். இந்தப் பகுதியில் டிஸ்கவரி புக் பேலஸ் இருக்கிறது. ஈழ எழுத்துக்கு நகரத்தில் உள்ள வாசகர்களில் பலர் அதன் படியேறியவர்கள். சிறுவயதிலேயே இயக்கத்தில் சேர்ந்துவிட்ட ஷோபாசக்தி எழுதிய ‘கொரில்லா’வும், புலிகளின் மகளிர் அரசியல் பிரிவுக்குத் தலைமை வகித்த தமிழினி இறந்தபின் 2016இல் வந்த ‘ஒரு கூர்வாளின் நிழலில்’ நூலும் மறுபாதியைத் தமிழிலேயே, உள்ளிருந்தே சொல்லுகின்றன. சிங்களவர் எழுதிய குற்றப்பத்திரிகை என்று யாரும் தள்ளிவிட முடியாது. இவை பாடநூலாகவேண்டும் என்று நான் கேட்கமாட்டேன். பாடநூலானால் வினாத்தாளாகும், வினாத்தாளானால் நோட்ஸ் வரும்.

புலம்பெயர்ந்தவர்களும் ஊரில் இருப்பவர்களும் இந்த வயதுப் பிரச்சினைக்குத் தாங்களே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு மே மாதமும் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சுவது. கைப்பிடி அரிசி, நிறையத் தண்ணீர், உப்பு. கடைசி மாதங்களில் அந்தக் கடற்கரைத் துண்டில் கிடைத்தது அவ்வளவுதான். பெரிய அலுமினியச் சட்டியில் காய்ச்சி, தேங்காய்ச் சிரட்டையில் ஊற்றிக் கொடுப்பார்கள். மூன்று வயதுப் பிள்ளையும் குடிக்கும், முகத்தைச் சுளிக்கும், “ஏன் இதில ஒண்டும் இல்லை?” என்று கேட்கும். கேட்ட அளவுக்குப் பதில். அடுத்த ஆண்டு இன்னும் கொஞ்சம் கேட்கும். இதைக் காய்ச்சியதற்காக 2024 மே மாதம் திருகோணமலையில் பெண்களைப் பிடித்துக் கொண்டுபோனார்கள் என்பதைப் பார்த்தால், அந்தச் சட்டியில் பாடம் இருப்பது அரசுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குப் பிடித்த பாடமுறை இது, ஒரு குறையோடு. முதல் பாதியை இவ்வளவு கனிவாகச் சொல்லும் கஞ்சியில் 1990 அக்டோபர் வராது. இரண்டு மணி நேரத்தில் புறப்பட்டவர்கள் எதைச் சமைத்துவைத்துவிட்டுப் போனார்கள் என்று யாரும் ஆண்டுதோறும் காய்ச்சிக் காட்டுவதில்லை.

பள்ளிதான் அதைச் செய்யவேண்டும் என்றால் நாட்காட்டி ஒரு வேடிக்கை காட்டுகிறது. மே 18 தமிழ்நாட்டில் கோடை விடுமுறை. ஒன்டாரியோப் பிள்ளை வகுப்பில் இருக்கும்போது கே.கே. நகர்ப் பிள்ளை நீச்சல் வகுப்பிலோ தாத்தா ஊரிலோ இருக்கும். கீழ்வெண்மணியின் டிசம்பர் 25 அரையாண்டு விடுமுறையில் போய்விடுகிறது. ஜாலியன்வாலாபாகின் ஏப்ரல் 13 தேர்வுக் காலம். மீதி இருப்பவை இரண்டு. ஜூலையின் கடைசி வாரம், இடைப்பருவத் தேர்வுக்குச் சற்று முன்னோ பின்னோ, வகுப்புகள் ஒழுங்காக நடக்கும் நாட்கள். வாக்காளர் பட்டியல் பாடத்தை அப்போது எடுக்கலாம், ஒன்பதாம் வகுப்புக்கு இரண்டு பீரியட் போதும். அக்டோபர் 30 தீபாவளியை ஒட்டியோ வார இறுதியிலோ வராத ஆண்டுகளில் சாதாரண வேலைநாள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களின் இரண்டு மணி நேரத்தை அதே ஆசிரியர், அதே பிள்ளைகளுக்கு, ஜூலைப் பாடத்தின் நோட்டிலேயே அடுத்த பக்கத்தில் எழுதவைக்கலாம். இரண்டுக்கும் நடுவே மூன்று மாதம் இருக்கிறது. பெற்றோர் கூட்டத்தில் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்லத் தலைமையாசிரியருக்கு அது போதுமான அவகாசம்.